வேலூர் வெயிலும் இரண்டு வகை ஃபோமும்

தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை என்று வேலூரைக் கேலி செய்வது பழைய வழக்கம். ஆற்றைப் பற்றிய கேலியை 2021 நவம்பரில் பாலாறே பொய்யாக்கிவிட்டது. மலையைப் பற்றியது மட்டும் இன்னும் செல்லுபடியாகிறது. எங்கள் வீடு சத்துவாச்சாரியில், அந்த மொட்டைப் பாறைகளைப் பார்த்தபடி இருக்கிறது. கத்திரி வெயிலில் பகலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இரவு பத்து மணிக்கு மேல் கான்கிரீட் தளம் தன் சூட்டைக் கீழே இறக்கத் தொடங்கும்போதுதான் உண்மையான வேதனை. மின்விசிறி சுற்றச் சுற்ற அந்தச் சூடுதான் தலையில் இறங்கும்.

கீழ்த்தளம் கான்கிரீட். மாடியில் தகர ஷீட் போட்ட ஓர் அறை, சி.எம்.சி.க்குச் சிகிச்சைக்கு வரும் வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடுவோம். ஏப்ரல் பிறந்தால் அந்த அறையில் யாரும் தங்க மாட்டார்கள். வங்காளத்திலிருந்து நோயாளியோடு வந்த ஓர் அம்மாள் பகல் முழுவதும் எங்கள் படிக்கட்டின் நிழலிலேயே உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகுதான், வாடகை வாங்குவதற்கே எனக்குக் கூச்சமாகிப்போனது.

இந்தச் சூட்டுக்கு நாங்கள் கண்ட வழி, கூரையில் தெளித்து இறுக விடும் வெப்பத்தடுப்பு நுரையான ஃபோம். அதற்கு முன் எளிய வழிகளைச் சொல்லிவிடுகிறேன். மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்போ வெப்பத்தைத் திருப்பும் வெள்ளைப் பூச்சோ அடிப்பதுதான் முதலில் செய்ய வேண்டிய வேலை. செலவு குறைவு, பலன் உடனே தெரியும். ஆனால் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிய எங்கள் பக்கத்தில் தூசி படிந்து ஒரே வருடத்தில் வெண்மை மங்கிவிடுகிறது; ஆண்டுதோறும் கழுவி அடிக்கத் தயாராக இருந்தால் மட்டுமே அது நிற்கும். என் மாமியார் சுண்ணாம்பு ஜல்லி போட்டு, கடுக்காய்த் தண்ணீர் ஊற்றி இடித்து, மேலே தட்டோடு பதித்த காலத்தைச் சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் சொல்வது சரிதான், அந்தத் தளம் குளுமையாகத்தான் இருக்கும். அந்த வேலை தெரிந்த கைகள்தான் இப்போது கிடைப்பதில்லை. எடையும் அதிகம்.

தெளிக்கும் ஃபோம் எங்கள் பக்கத்து வீடுகளுக்குப் புதிது. தொழிற்சாலைக் கொட்டகைக்கும் குளிர்பதனக் கிடங்குக்கும்தான் 'பஃப் அடிப்பது' (பாலியூரித்தேன் ஃபோம் தெளிப்பது) வழக்கம். அதனால் முதல் சிக்கலே ஆள் கிடைப்பது. இயந்திரத்தையும் பீப்பாய்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து வருகிறவர்கள், குறைந்தபட்சம் இத்தனை சதுர அடி இருந்தால்தான் வருவோம் என்கிறார்கள். பின்தெருவில் வீட்டின் மேலேயே தையற்கூடம் நடத்தும் ஒருவரையும் சேர்த்துக்கொண்டு பேசிய பிறகுதான் விலை இறங்கி வந்தது. சிறிய வீடு வைத்திருப்பவர்கள் அக்கம்பக்கத்தில் இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டே பேச்சைத் தொடங்குங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு பீப்பாய்களில் இரண்டு திரவங்கள். ஒன்று ஐசோசயனேட். மற்றது பாலியால், அதோடு நுரைக்க வைக்கும் பொருள், தீயைத் தாமதப்படுத்தும் பொருள் எல்லாம் கலந்திருக்கும். இரண்டும் சூடான குழாய்கள் வழியே வந்து துப்பாக்கியின் முனையில் ஒன்று சேர்ந்த நொடியில் வினை தொடங்கி, பொங்கி, இறுகிவிடும். இதில் இரண்டு வகை. ஓபன் செல் ஃபோமில் குமிழிகளின் சுவர்கள் உடைந்து ஒன்றோடொன்று திறந்திருக்கும். உள்ளே இருப்பது வெறும் காற்று. குளோஸ்டு செல்லில் ஒவ்வொரு குமிழியும் மூடியே இருக்கும். காற்றைவிடக் குறைவாக வெப்பம் கடத்தும் வாயு உள்ளே அடைபட்டிருக்கும்.

முதல் வகை கன மீட்டருக்குச் சுமார் 8 கிலோ எடை. இரண்டாவது 30 கிலோவுக்கு மேல். தளத்தின் மேல் அடிப்பதென்றால் 40 முதல் 50 கிலோ வரை கேட்க வேண்டும். விலை வித்தியாசத்தின் பெரும்பகுதி இந்த எடையில்தான் இருக்கிறது. எத்தனை ரசாயனம் செலவாகிறதோ அத்தனை பணம்.

எங்களிடம் வந்த முதல் ஒப்பந்தக்காரர் இதையெல்லாம் சொல்லவில்லை. "மேடம், இரண்டும் ஃபோம்தான். ஓபன் செல் போட்டால் மூன்று அங்குலம் கனமாகப் போட்டுத் தருகிறேன், காசும் மிச்சம்" என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. வெப்பத்தைத் தடுப்பதை மட்டும் பார்த்தால் 75 மில்லிமீட்டர் ஓபன் செல்லும் 50 மில்லிமீட்டர் குளோஸ்டு செல்லும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்படியானால் விலை குறைந்ததை எடுப்பதுதானே புத்திசாலித்தனம்? அந்தக் கேள்வியோடு இரண்டு மாதிரித் துண்டுகளைக் கேட்டு வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டேன்.

ஓபன் செல் துண்டு கையில் எடையே இல்லாமல் கிடந்தது. விரலால் அழுத்தினால் உள்ளே போய், விட்டதும் மெல்ல எழுந்தது. குளோஸ்டு செல் துண்டில் நகம்கூடச் சரியாகப் பதியவில்லை. இரண்டையும் பத்துக்குப் பத்து சென்டிமீட்டர், ஐந்து சென்டிமீட்டர் கனத்துக்கு அரிவாள்மனையில் அறுத்துச் சமையலறைத் தராசில் வைத்தேன். ஒன்று நான்கு கிராம், மற்றது இருபது கிராம். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: அந்த அளவுத் துண்டு 20 கிராம் இருந்தால் அது கன மீட்டருக்கு 40 கிலோ. வேலை முடிந்த பிறகும் ஓரத்தில் ஒரு துண்டை அறுத்து எடை பார்க்கலாம். எந்தச் சான்றிதழும் தேவையில்லை. பிறகு இரண்டையும் வாளித் தண்ணீரில் அமுக்கி, மேலே ஒரு செங்கல்லை வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டேன். மாலையில் எடுத்தபோது ஓபன் செல் துண்டிலிருந்து தண்ணீர் முழங்கை வரை வழிந்தது. மற்றதைத் துணியால் துடைத்தேன், காய்ந்துவிட்டது.

அத்தோடு எனக்கு முடிவு தெரிந்துவிட்டது. வெப்பத்தில் இரண்டும் ஜோடி, தண்ணீரில் இரண்டும் எதிரெதிர். நம் கூரைகளில் ஐப்பசி கார்த்திகை மழையில் எங்கேயாவது ஒரு சொட்டாவது இறங்காமல் இருக்கிறதா?

அமெரிக்காவில் இருக்கும் என் கொழுந்தன் மட்டும் விடவில்லை. "அண்ணி, இங்கே எங்கள் வீட்டுப் பரணில் ஓபன் செல்தான் அடித்திருக்கிறோம், நன்றாகத்தான் இருக்கிறது" என்று தொலைபேசியில் வாதாடினார். அவர் சொன்ன காரணமும் நல்ல காரணம்தான்: கூரை ஒழுகினால் ஓபன் செல் வழியாகத் தண்ணீர் கீழே வந்து காட்டிக்கொடுத்துவிடும், குளோஸ்டு செல் அதை மறைத்து மரச்சட்டத்தை உளுக்க வைத்துவிடும். ஆனால் அவர் வீடு மரச் சட்டகத்தில் நிற்கிற வீடு. சாய்வான கூரை, அதன் மேல் தண்ணீர் இறங்காத அடுக்குகள், ஃபோம் உள்ளே பத்திரமாக இருக்கிறது. நம்முடையது தட்டையான கான்கிரீட், நேரடி மழை, நேரடி வெயில். அங்கே சரியானது இங்கே சரியாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இணையத்தில் கிடைக்கும் காணொளிகளில் பெரும்பாலானவை அவர் வீட்டைப் போன்ற வீடுகளுக்கானவை என்பதை மறக்க வேண்டாம்.

எந்த வகை என்பதைவிட, எந்தப் பக்கம் அடிப்பது என்பது பெரிய கேள்வி. கான்கிரீட் தளத்தின் அடியில், அதாவது அறைக்குள் உட்கூரையில் அடித்தால், தளம் முன்போலவே பகலெல்லாம் வெயிலைக் குடிக்கும். விரிந்து சுருங்கி விரிசல் விடும். மேலே அடித்தால் தளத்துக்கே வெயில் படாது. அதனால் தளத்துக்கு மேற்புறம் குளோஸ்டு செல், 50 மில்லிமீட்டர் என்று முடிவு செய்தோம். அடுக்ககத்தில் குடியிருந்து, மேலே உள்ள மாடி உங்கள் உரிமையில் இல்லையென்றால் உட்புறம்தான் வழி. அங்கே பொய்க்கூரைக்குள் ஓபன் செல்லைப் பற்றி யோசிக்கலாம். மேல்வீட்டு நாற்காலி இழுக்கும் சத்தமும் குறையும். சத்தத்தை உள்வாங்குவதில் அதுதான் மேல்.

கனத்தைப் பற்றியும் ஒரு கணக்கு. ஒன்றிய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா 2018 என்ற வீட்டுக் கட்டட விதிமுறை, கூரையின் யூ மதிப்பு 1.2-க்கு மேல் போகக் கூடாது என்கிறது. ஒரு சதுர மீட்டர் கூரை வழியே, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு எத்தனை வாட் வெப்பம் உள்ளே வருகிறது என்பதுதான் அந்த மதிப்பு. ஐந்து அங்குல வெறும் கான்கிரீட் தளத்துக்கு அது சுமார் 3.5. மேலே 25 மில்லிமீட்டர் குளோஸ்டு செல் போட்டாலே 0.8 அளவுக்கு இறங்கிவிடும். 50 போட்டால் 0.45 அளவு. 100 போட்டால் 0.23 அளவு. முதல் அங்குலம் செய்யும் வேலையை நான்காவது அங்குலம் செய்வதில்லை. எனவே நான்கு அங்குலம் போடுங்கள் என்று யாராவது ஆசை காட்டினால் அது அவருடைய ஆசை. தெளிக்கும் கை ஒரே சீராக இருக்காது, சில இடங்களில் கனம் குறையும் என்பதற்காகத்தான் நாங்கள் 25-க்குப் பதில் 50 கேட்டோம்.

தகர ஷீட் அறைக்குக் கதை வேறு. வெளியே அடித்தால் ஷீட்டின் நெளிவுகளுக்கு மேல் பாதுகாப்புத் தளம் போட முடியாது; அடியில்தான் அடிக்க வேண்டும். இங்கேதான் அந்த முதல் ஒப்பந்தக்காரர் ஓபன் செல்லுக்கு மறுபடி வந்தார். உள்ளே மழையா பெய்கிறது என்று கேட்டார். மழை பெய்யாது, ஆனால் ஷீட் வியர்க்கும். மார்கழி இரவுகளில் வானத்தைப் பார்த்தபடி இருக்கும் தகரம் காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. அறைக்குள் தூங்குபவர்களின் மூச்சு, சமையல் ஆவி, ஈரத்துணி எல்லாம் ஓபன் செல் வழியே ஊடுருவிப் போய்த் தகரத்தில் நீராகும். அந்த நீர் ஃபோமுக்குள்ளேயே தங்கும், தகரம் துருப்பிடிக்கும். குளோஸ்டு செல் தகரத்தோடு ஒட்டிக்கொண்டு ஆவியைத் தடுத்துவிடுகிறது. ஆக அங்கேயும் அதுதான்.

ஆனால் ஒட்டிக்கொள்ளும் குணமே ஆபத்தும்கூட. ஒருமுறை அடித்தபின் ஷீட்டின் ஆணியோட்டையில் ஒழுகினால், தண்ணீர் எங்கே நுழைந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. ஃபோமுக்கும் தகரத்துக்கும் இடையில் ஓடி வேறு மூலையில் வந்து நிற்கும். அதனால் எங்கள் மேஸ்திரியிடம் சொல்லி எல்லாத் திருகாணிகளின் ரப்பர் வாஷர்களையும் மாற்றி, குழாயில் தண்ணீர் பீய்ச்சி ஒழுகலைப் பார்த்து, பிறகுதான் ஃபோம்காரரை வரச் சொன்னோம். மின்கம்பிகளையும் கவனியுங்கள். ஷீட்டின் அடியில் ஓடும் கம்பியை ஃபோமுக்குள் புதைத்தால் அதன் சூடு வெளியேற வழியில்லாமல் போகும். நாங்கள் கம்பியைச் சுவரோரம் குழாய்க்குள் மாற்றிவிட்டோம். உங்கள் கூரை கல்நார் ஷீட்டாக இருந்தால் அதைச் சுரண்டவோ துளையிடவோ கம்பித் தூரிகையால் தேய்க்கவோ விடாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு நஞ்சு. கல்நாருக்குப் பதில் தகர ஷீட் போட்டுவிட்டு அதற்கு அடிப்பதே நல்லது.

ஒப்பந்தக்காரரிடம் நான் கேட்ட கேள்விகளில் மூன்று அவரை நிமிர்ந்து உட்கார வைத்தன. எந்த அடர்த்தி என்று எழுதித் தருவீர்களா? தெளிக்கும் ஃபோமுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 12432 மூன்றாம் பகுதியின்படி வேலை செய்வீர்களா? நுரைக்க வைக்கும் பொருள் எது? கடைசிக் கேள்விக்குக் காரணம் உண்டு. ஓசோன் படலத்தைக் கெடுக்கும் எச்.சி.எஃப்.சி. 141பி என்ற பொருளை இந்தியா 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. பழைய சரக்கைத் தள்ளிவிடப் பார்க்கிறவர் இந்தக் கேள்விக்குத் தடுமாறுவார். முதலில் வந்தவர் தடுமாறினார். இரண்டாவதாக வந்தவர் பீப்பாயின் சீட்டைப் படம் எடுத்து அனுப்பினார். வேலை அவருக்குப் போனது.

காலம் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை இது. கத்திரியில் எல்லோரும் ஓடுவார்கள். அப்போது தகரம் கை வைக்க முடியாதபடி கொதிக்கும், ஃபோம் சரியாக ஒட்டாமல் கொப்பளிக்கும், மாலையில் திடீரென்று கோடை மழை வந்து எல்லாவற்றையும் கெடுக்கும். ஐப்பசி கார்த்திகையில் தளத்தின் ஈரமே காயாது. ஈரத்தில் ஐசோசயனேட் தண்ணீரோடு சேர்ந்து தவறாகப் பொங்கும். மாசியில், தளம் நன்றாகக் காய்ந்த பிறகு, காலை வேளையில் செய்தோம். காலையில் செய்ததற்கு இன்னொரு காரணம் காற்று. பறக்கும் துளி பக்கத்து வீட்டுக் காரில் ஒட்டினால் எளிதில் போகாது. முதல் நாளே அக்கம்பக்கத்தில் சொல்லித் துணிகளை எடுக்கச் சொன்னோம், தண்ணீர்த் தொட்டியை மூடிக் கட்டினோம்.

தெளிப்பவர் முழு முகக் கவசமும் உடலை மூடும் உடையும் போட்டிருந்தார். கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வருகிறவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். அந்த ஆவி அவருக்கு நிரந்தரமாக ஆஸ்துமாவைக் கொடுக்கக்கூடியது. வீட்டிலிருப்பவர்களும் குறைந்தது ஒரு நாளாவது விலகியிருக்க வேண்டும். மாமியாருக்கு இழுப்பு உண்டு என்பதால் காட்பாடியில் நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். "ஒரு கூரைக்காக என்னை ஊர் கடத்துகிறாயே" என்று அலுத்துக்கொண்டார்; அங்கே ஏ.சி. அறை என்று தெரிந்ததும் திரும்பி வரத்தான் தாமதித்தார்.

ஒரே வீச்சில் இரண்டு அங்குலத்துக்கு மேல் குளோஸ்டு செல்லை அடிக்க விடக் கூடாது. பொங்கும்போது அது தானே சூடாகும். கனமாக அடித்தால் உள்ளே கருகும், தீப்பிடித்ததும் உண்டு. எங்களுக்கு இரண்டு அடுக்காக, நடுவில் ஆற விட்டு அடித்தார்கள். மேற்பரப்பு சாத்துக்குடித் தோல் போல இருந்தால் கலவை சரி. கரடுமுரடாகக் கொத்துக்கொத்தாக நின்றால் தெளிப்பிலோ கலவையிலோ கோளாறு. பிசுபிசுத்து மீன் வாடை அடித்தால் பாலியால் அதிகம். தொட்டால் நொறுங்கினால் ஐசோசயனேட் அதிகம். தவறிய இடத்தை வெட்டி எடுத்துவிட்டு மறுபடி அடிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. மேலே பூசி மறைக்க விடாதீர்கள். கனத்தைப் பார்க்கக் கோணி ஊசியில் 50 மில்லிமீட்டரில் ஒரு நூலைக் கட்டி ஆங்காங்கே குத்திப் பார்த்தேன். கைப்பிடிச் சுவர் ஓரத்தில் ஊசி நூல் வரை போகாமல் நின்ற இடங்களைச் சுண்ணாம்பில் குறித்துக் கொடுத்தேன். முகம் சுளிக்காமல் அடித்துக் கொடுத்தார்கள்.

வேலை அத்தோடு முடியவில்லை, அதுதான் பலருக்குத் தெரிவதில்லை. வெயிலின் புற ஊதாக் கதிரில் ஃபோம் மஞ்சளாகி, பழுப்பாகி, தூளாக உதிரும். அதற்கு மேல் ஒரு பாதுகாப்புப் பூச்சு, பிறகு கோழிவலை, அதன் மேல் வாட்டம் பார்த்துச் சிமெண்டுத் தளம், வெள்ளை ஓடு என்று போக வேண்டும். இந்தச் செலவை ஃபோமின் விலைப்பட்டியலில் காட்ட மாட்டார்கள். எங்களுக்கு மேஸ்திரி வேலையும் ஓடும் சேர்ந்து ஃபோமுக்குச் சமமாக வந்து நின்றது. மிச்சம் பிடிக்கலாம் என்று அப்படியே விட்டால் தீபாவளி இருக்கிறது. ஒரு ராக்கெட் வந்து விழுந்தால் போதும். தீயைத் தாமதப்படுத்தும் பொருள் கலந்திருந்தாலும் அது எரியும், எரிந்தால் வரும் புகையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் இருக்கும். மாடி அறைக்குள் அதனால்தான் ஃபோமை வெறுமனே விடாமல், அடியில் சட்டம் கட்டி அரை அங்குல ஜிப்சம் பலகை அடித்தோம். ஒப்பந்தக்காரர், "வெள்ளை பெயிண்ட் அடித்தால் போதும்" என்றுதான் சொன்னார். ஆள் தூங்கும் அறையில் போதாது. அணிலும் எறும்பும் ஃபோமைக் குடைந்து கூடு கட்டும் என்பதால் சுவரோடு சேரும் இடுக்குகளையும் சிமெண்டால் அடைத்துவிட்டோம்.

பலன் என்ன? மே மாத மாலைகளில் கீழ் அறையின் உட்கூரையில் வெப்பமானி 41, 42 என்று காட்டிய இடத்தில் இப்போது 35-ஐ ஒட்டி நிற்கிறது. இரவில் விசிறிக் காற்று காற்றாக வருகிறது. மாடி அறையில் மழைச் சத்தம் குறைந்தது எதிர்பாராத லாபம். அங்கே தங்குகிறவர்கள் மழை நாளிலும் தொலைபேசியில் ஊருக்குப் பேசுகிறார்கள். ஆனால் கூரையை மூடினால் வீடே குளிரும் என்று நினைக்க வேண்டாம். மேற்குச் சுவர் இன்னமும் சுடுகிறது. அடுப்பின் சூடும் ஆட்களின் சூடும் இப்போது மேலே வெளியேறாததால், இரவில் ஜன்னல்களைத் திறந்து, சமையலறை வெளியேற்று விசிறியை ஓட விட்டால்தான் முழுப் பலன் கிடைக்கிறது. குமிழிகளுக்குள் இருக்கும் வாயு காலப்போக்கில் கொஞ்சம் கசிந்து தடுப்புத் திறனும் சற்றுக் குறையும். அதைச் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

மேற்குச் சுவருக்கு ஃபோம் வேண்டாம் என்று வைத்திருக்கிறோம். அங்கே ஒரு புங்க மரக் கன்று வைத்தாயிற்று, அது வளரும் வரை மூங்கில் தட்டி. ஏ.சி. குழாய் நுழையும் ஓட்டை, கதவு நிலையின் இடுக்கு போன்ற சின்னச் சின்ன இடங்களுக்குக் கடையில் விற்கும் டப்பா ஃபோமே போதும்; அடிக்கும் முன் இடத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள், அது காற்றின் ஈரத்தில் இறுகும் வகை. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அதையே வாங்கிக் கூரை முழுவதும் அடித்துவிடலாமா என்று பின்தெருத் தையற்காரர் கேட்டார். அது இடுக்கை அடைப்பதற்கானது, பரப்பை மூடுவதற்கு ஆகாது. டப்பா டப்பாவாக வாங்கினால் செலவு இயந்திரத்தைக் கூப்பிடுவதைவிடக் கூடுதலாகவே வரும்.